சிராமலையும் காவிரிக் காட்சியும்

காவிரியின் தென்கரையில், சமவெளியின் நடுவே, எந்த மலைத்தொடரோடும் சேராமல் தனித்து எழுந்து நிற்கிறது திருச்சிராப்பள்ளிக் குன்று. நகரத் தெருவிலிருந்து அதன் உச்சி ஏறத்தாழ 83 மீட்டர் உயரம். பெரிய மலைகளைக் கண்டு பழகியவர்க்கு இஃது ஒரு கற்பாறையே. ஆனால் சுற்றிலும் பல கல் தொலைவுக்கு வயலும் தோப்பும் ஆறுமே பரந்து கிடக்கும் நாட்டில், அந்த ஒரு பாறை பெற்ற பெருமை பல பெருமலைகளும் பெறாதது.

அடிவாரத்திலிருந்து உச்சிப் பிள்ளையார் கோயில் வரை நானூற்றுக்கு மேற்பட்ட படிகள் உள்ளன. 417 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஏறி முடித்தவர் முதலில் செய்வது வழிபாடு. அடுத்துச் செய்வது நாற்புறமும் நோக்குதல். வடக்கே காவிரியும், அதற்கப்பால் திருவரங்கத் தீவும், தீவினைத் தழுவி ஓடும் கொள்ளிடமும் தோன்றும். திருவரங்கத்தின் கோபுரங்களும் திருவானைக்காவின் கோபுரங்களும் தென்னந்தோப்புகளுக்கு மேலே தலைதூக்கி நிற்கும். மேற்கே பழைய சோழர் தலைநகராகிய உறையூர், தென்கிழக்கே பொன்மலை, காலடியில் கடைத்தெருவும் தெப்பக்குளமும்.

காட்சி காண்பதற்காக மலையேறுவது இக்காலப் பயணிகளின் பழக்கம் என்று எண்ணுவோர் உளர். சிராமலையின் வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கிறது. இம்மலையில் கோயில் எழுந்ததற்குக் காரணமே அங்கிருந்து தெரியும் காட்சிதான் என்று, ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு மன்னன் கல்லில் எழுதிவைத்தான். அவனுக்குப் பின்னும் அரசரும் தளபதியரும் புலவரும் பொதுமக்களும் இதே உச்சியிலிருந்து இதே ஆற்றை நோக்கினர். எனினும், எல்லாரும் ஒன்றையே கண்டனர் என்று சொல்வதற்கில்லை. யார் என்ன கண்டனர் என்று ஆராய்ந்தால், இக்குன்றின் வரலாறு தெளிவாகும்.

பள்ளி என்னும் பெயர்

இம்மலையில் முதலில் தங்கியவர் மன்னரல்லர், துறவிகள். மலையின் மேற்பகுதியில் இயற்கையாக அமைந்த பாறைக் குடைவில், தலையணை போன்ற மேடுகளோடு செதுக்கப்பட்ட கற்படுக்கைகள் உள்ளன. தமிழ்நாட்டின் பிற குன்றுகளில் காணப்படுவன போலவே இவையும் சமணத் துறவியர் தங்கிய இடங்கள் என்பது அறிஞர் கொள்கை. அங்கே பழைய எழுத்துகளும் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் ‘சிரா’ என்று படிக்கப்படும் பெயரும் ஒன்று. அது துறவி ஒருவரின் பெயர் என்றும், அவர் தங்கிய பள்ளியே சிராப்பள்ளி ஆயிற்று என்றும் ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர்.

புராணம் வேறு காரணம் கூறும். மூன்று தலைகளையுடைய திரிசிரன் என்னும் அசுரன் வழிபட்டமையால் இவ்வூர் திரிசிரபுரம் எனப் பெயர் பெற்றது என்பது அது கூறும் வரலாறு. இவ்விரண்டனுள் எதனைக் கொண்டாலும் ‘பள்ளி’ என்னும் சொல் ஊர்ப் பெயரில் நிலைத்துவிட்டது. தமிழாசிரியர் மாணவர்க்கு விளக்குதற்கு ஏற்ற சொல் இது. படுக்கும் இடம் பள்ளி. துறவியர் வாழும் இடம் பள்ளி. அவர் கற்பித்த இடமும் பள்ளி. இன்று சிறுவர் படிக்கச் செல்லும் பள்ளிக்கூடத்தில் வழங்குவதும் அச்சொல்லே. கல்லில் படுக்கை செதுக்கித் தங்கிய துறவிகள் அங்கிருந்து எதனைக் கண்டனர் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. மலைமேல் காட்சியைப் பற்றிப் பேசிய முதற் சான்று பல்லவனுடையது.

பல்லவன் கண்ட காவிரி

படியேறிச் செல்வோர் தாயுமானவர் கோயிலைக் கடந்து மேலே செல்லும்போது, வழியின் பக்கத்தே ஒரு குகைக் கோயிலைக் காண்பர். முதலாம் மகேந்திரவர்மன் என்னும் பல்லவ மன்னன் 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்தது அது. இலளிதாங்குரன் என்பது அவனுடைய பட்டப்பெயர்களுள் ஒன்று. ஆகையால் இக்குகை ‘இலளிதாங்குர பல்லவேசுவர கிருகம்’ எனப் பெயர் பெற்றது. மகேந்திரனுடைய குகைக் கோயில்கள் பெரும்பாலும் தொண்டை மண்டலத்தில் உள்ளவை. காவிரிக் கரையில் அவன் அமைத்த இக்கோயில் அவற்றினின்றும் விலகி, நெடுந்தொலைவு தெற்கே இருக்கிறது.

அதற்குக் காரணம் உண்டு. மகேந்திரனின் தந்தை சிம்மவிட்ணு காவிரி பாயும் சோழ நாட்டை வென்றவன் என்று பல்லவர் செப்பேடு கூறுகிறது. தந்தை வென்ற நாட்டில் மகன் கோயில் குடைந்தான். வென்ற நாட்டின் நடுவே, எங்கிருந்து நோக்கினும் கண்ணில் படும் குன்றின்மேல் அதனைக் குடைந்தான்.

குகையின் மேற்குச் சுவரில் கங்காதரர் சிற்பம் உள்ளது. சிவபெருமான் தன் சடையின் ஒரு கற்றையை விரித்துப் பிடிக்க, வானிலிருந்து இறங்கும் கங்கை அதனுள் அடங்குகிறாள். கீழே அடியார் மண்டியிட்டு வணங்குகின்றனர். பல்லவச் சிற்பத்தின் தொடக்க காலத்திலேயே இத்துணைப் பெரிய, இத்துணை நிறைவான ஒரு காட்சி செதுக்கப்பட்டது வியப்புக்குரியது. சிற்பத்தின் இருபுறத்துத் தூண்களிலும் வடமொழிச் செய்யுள்கள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. மகேந்திரனே நாடக நூல் இயற்றிய புலவன்; மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகம் அவன் பெயரால் வழங்குகிறது. இச்செய்யுள்களிலும் புலமையும் குறும்பும் கலந்திருக்கின்றன.

அவற்றின் கருத்துகளுள் இரண்டு இங்கே பொருந்துவன. முதலாவது, சிவபெருமான் மன்னனை நோக்கி ஒரு வினா எழுப்பியதாகக் கூறுவது. நிலத்தின்மேல் உள்ள கோயிலில் இருந்தால் சோழ நாட்டின் வளத்தையும் காவிரியையும் தான் எங்ஙனம் காண்பது என்று இறைவன் வினவினாராம். அதனால் மன்னன் முகிலைத் தொடும் இம்மலையில் அவருக்கு இடம் அமைத்தானாம். இரண்டாவது, உமையம்மையின் அச்சத்தைக் கூறுவது. ஆறுகளின்மேல் விருப்புடைய பெருமான் கங்கையைச் சடையில் வைத்ததோடு அமையாமல், அழகிய காவிரியைக் கண்டு அவள்மேலும் காதல் கொண்டுவிடக்கூடும் என்று அம்மை அஞ்சினாளாம். ஆகவே தந்தையாகிய இமயமலையின் வீட்டை விட்டு இம்மலைக்கு வந்து நிலையாகத் தங்கி, இந்த ஆறு பல்லவனுடைய காதலி என்று இறைவனுக்கு நினைவூட்டுகிறாளாம்.

படிப்போர் முதலில் நகைப்பர். பிறகு அந்நகைக்குள் மறைந்துள்ள அரசியலை உணர்வர். காவிரி சோழரின் ஆறு. சங்கச் செய்யுள்கள் முதலாக அவ்வாறே அது பாடப்பெற்றது. அந்த ஆற்றைப் பல்லவனின் காதலி என்று உமையம்மையின் வாயாலேயே கூறவைத்தான் மகேந்திரன். இறைவன் மேலிருந்து காணும் சோழ நாடு இனிப் பல்லவனின் நாடு. இறைவன் கண்ணே அதற்குச் சான்று. இம்மலை சோழ நாட்டின் மணிமுடி போன்றது என்றும், கோயில் அம்முடியில் பதித்த மணி என்றும் மற்றொரு செய்யுள் கூறுகிறது. முடியைத் தன் மணியால் அணிசெய்தவன் முடிக்கு உரியவன் என்பது குறிப்பு.

மன்னன் மாற்று நெறியிலிருந்து திரும்பிய செய்தியும் இக்கல்வெட்டில் உண்டென்பர். தருக்க நூற் சொற்களை வைத்து இருபொருள்பட எழுதப்பட்ட அச்செய்யுள், மகேந்திரன் சமணத்தை விட்டுச் சைவனானதைக் குறிக்கும் என்று பலர் கொள்வர். வெறும் சொல்விளையாட்டே என்று சிலர் மறுப்பர். குணபரன் என்னும் அவன் பட்டப்பெயர் இங்கே பொறிக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. திருநாவுக்கரசர் காலத்துப் பல்லவ மன்னன் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுப்பித்தான் என்று பெரியபுராணம் கூறும். இலக்கியமும் கல்வெட்டும் ஒரே பெயரில் சந்திக்கும் இடம் இது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. குகையின் வாயில் தெற்கு நோக்கியது; காவிரியோ மலைக்கு வடக்கே ஓடுகிறது. ஆகவே, குகையில் கல்வெட்டைப் படித்தவர் அது புகழும் ஆற்றைக் காண விரும்பினால், வெளியே வந்து மேலும் படியேறித்தான் ஆக வேண்டும்.

பதிகமும் அந்தாதியும்

பல்லவன் காலத்தை ஒட்டியே திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் சிராப்பள்ளியைப் பாடினர். வடமொழியில் மன்னன் புகழாக வெட்டப்பட்டிருந்த மலை, தமிழில் மக்கள் பாடும் மலையாயிற்று. கல்லில் இருந்த செய்யுளைப் படிக்கக் கற்றவர் சிலரே. பதிகத்தைக் கேட்டு மனத்தில் வைத்தவர் எண்ணிறந்தோர். பல்லவர் எழுத்து வழக்கிழந்து, பிற்காலத்து ஆராய்ச்சியாளர் முயன்று படிக்கும் வரை மகேந்திரனின் செய்யுள் பேசாதிருந்தது. பதிகங்கள் ஒருநாளும் பேசாதிருந்ததில்லை.

அடிவாரத்தில் மற்றொரு குகைக் கோயில் உள்ளது. இது 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி என்பது பெரும்பாலோர் கருத்து. ஒருபுறம் சிவனுக்கும் எதிர்ப்புறம் திருமாலுக்கும் கருவறைகள் அமைத்து, பின்சுவரில் பிள்ளையார், முருகன், நான்முகன், கதிரவன், கொற்றவை ஆகியோரைச் செதுக்கியுள்ளனர். பல்லவன் பாதி மலையேறிக் குடைந்தான். இக்குகையைக் குடைந்தவர் நிலத்தோடு ஒட்டிக் குடைந்தனர்.

சோழர் மீண்டும் எழுந்தபின் பல்லவனின் குகைக்குள் தமிழும் இடம் பெற்றது. வேம்பையர்கோன் நாராயணன் என்னும் புலவர் இயற்றிய சிராமலை அந்தாதி, நூற்றுக்கு மேற்பட்ட செய்யுள்களுடன் அக்குகையிலேயே வெட்டப்பட்டுள்ளது. ஓலையில் எழுதப்பட்ட நூல்கள் செல்லரித்தும் ஆற்றில் விடப்பட்டும் அழிந்தமை தமிழ் கற்றோர் அறிந்த துயரம். இந்நூல் கல்லில் இருந்தமையால் பிழைத்தது. ஒரு முழு நூலையே ஏடாகக் கல்லைக் கொண்டு பாதுகாத்த இடம் என்ற வகையில், சிராமலை தமிழ் நூல் வரலாற்றிலும் இடம் பெறத்தக்கது.

இறைவன் திரும்பி நோக்கிய கதை

மலையின் நடுப்பகுதியில் இருப்பது பெரிய கோயில். செவ்வந்திநாதர் என்றும் தாயுமானவர் என்றும் இறைவனுக்குப் பெயர். மட்டுவார் குழலம்மை என்பது அம்மையின் பெயர். இவ்விரு இறைப்பெயர்களுக்கும் இரண்டு கதைகள் வழங்குகின்றன. சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய செவ்வந்திப் புராணம் இத்தலத்தின் புராணம்.

முதற் கதை ஒரு மலர்த்தோட்டத்தைப் பற்றியது. சாரமா முனிவர் என்பவர் இறைவனுக்காகச் செவ்வந்தி வளர்த்தார். வணிகன் ஒருவன் அப்பூக்களைத் திருடி உறையூர் மன்னனுக்குக் கொடுத்து வந்தான். முனிவர் மன்னனிடம் முறையிட்டார், மன்னன் கேட்டிலன். பின் முனிவர் இறைவனிடம் முறையிட்டார். கிழக்கு நோக்கி இருந்த இறைவன் மேற்கே உறையூரை நோக்கித் திரும்பினார். மண்மாரி பொழிந்து நகரம் புதைந்தது. இன்றும் மூலவர் மேற்கு நோக்கியே இருக்க, கொடிமரம் அவருக்குப் பின்புறமாகக் கிழக்கில் நிற்கிறது. அந்த முரணுக்கு மக்கள் கூறும் விளக்கம் இக்கதை.

உறையூரின் பெருமை குன்றியதற்கு வரலாற்றுக் காரணங்கள் வேறு இருக்கலாம். ஆனால் கதையின் கருத்துத் தெளிவானது. மகேந்திரனின் செய்யுளில் இறைவன் மலைமேலிருந்து நாட்டின் வளத்தைக் கண்டு மகிழ்கிறார். அக்காட்சியால் மன்னனின் உரிமை உறுதியாகிறது. செவ்வந்திக் கதையிலோ இறைவன் நோக்குவது மன்னனின் முறைகேட்டை. அந்நோக்கால் மன்னனின் நகரமே அழிகிறது. ஒரு தோட்டத்துப் பூ திருடு போனதைப் பொருட்படுத்தாத அரசு நிலைக்காது என்று மக்கள் அம்மலையைக் காட்டிச் சொல்லி வந்தனர்.

தாயாக இறங்கி வந்த கதை

இரண்டாம் கதை இன்னும் எளியது. சிராப்பள்ளியில் இரத்தினாவதி என்னும் பெண் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருந்தாள். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து அவள் தாய் மருந்தும் பண்டமும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வழியில் காவிரி பெருக்கெடுத்தது. ஓடம் செல்லவில்லை, தாய் அக்கரையில் நின்றுவிட்டாள். இக்கரையில் மகளுக்கு நோவு கண்டது. துணையின்றி அவள் இறைவனை அழைத்தாள். சிவபெருமான் அத்தாயின் வடிவிலேயே வந்து, பிள்ளைப்பேறு பார்த்து, தாயையும் சேயையும் பேணினார். வெள்ளம் வடிந்தபின் உண்மைத் தாய் வந்து சேர்ந்தாள். இரண்டு தாயரைக் கண்டு மகள் திகைக்க, ஒருவர் மறைந்தார். அன்றுமுதல் அவர் தாயுமானவர். பேறு நன்றாக முடிய வேண்டிக்கொண்டு வாழைத்தார் காணிக்கை செலுத்தும் வழக்கம் இன்றும் அங்கே உண்டு.

இக்கதையைப் பல்லவன் கல்வெட்டோடு சேர்த்து வைத்து நோக்க வேண்டும். மலை ஒன்றே, இறைவன் ஒருவரே, ஆறும் அதே காவிரியே. மன்னனின் செய்யுளில் காவிரி கண்ணுக்கு இனிய அழகி. ஏழைப்பெண்ணின் கதையில் காவிரி தாயையும் மகளையும் பிரிக்கும் வெள்ளம். மன்னன் இறைவனைக் காவிரி காண மேலே ஏற்றினான். பெண்ணின் குரல் அவரைக் காவிரிப் பெருக்கின் காரணமாகக் கீழே இறக்கியது. ஆற்றை மேலிருந்து பார்த்தவன் பாடியது ஒன்று. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர் கூறியது மற்றொன்று. கோயிலின் பெயராக நிலைத்தது இரண்டாவதே. இலளிதாங்குரன் பெயரைக் கல்வெட்டாராய்ச்சியாளர் அறிவர். தாயுமானவர் பெயரைத் தமிழ்நாட்டில் அறியாதார் அரியர். அப்பெயரைத் தாங்கிய தாயுமான அடிகள் 18-ஆம் நூற்றாண்டில் இந்நகரில் நாயக்கர் அரண்மனைப் பணியில் இருந்தார் என்பர். பணியைத் துறந்து அவர் பாடிய பாடல்கள் தமிழ் வழங்கும் நாடெங்கும் பரவின.

கோட்டையின் கண்

16-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சியில் சிராமலை கோட்டையாயிற்று. விசுவநாத நாயக்கர் நகரைச் சுற்றி மதிலும் அகழியும் அமைத்தார் என்றும், தெப்பக்குளமும் அவர் காலத்தது என்றும் கூறுவர். பின்னர் 17-ஆம் நூற்றாண்டில் சொக்கநாத நாயக்கர் தலைநகரையே மதுரையிலிருந்து இங்கு மாற்றினார். இராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை ஆண்டபோதும் இதுவே தலைநகர்.

குன்றின் உச்சி இப்பொழுது காவல் மேடை. சமவெளியில் எத்திசையிலிருந்து படை வந்தாலும் அங்கிருந்து தெரியும். நாயக்கர் மரபின் இறுதி அரசி மீனாட்சியிடமிருந்து 1736-இல் சந்தா சாகிபு நகரைக் கைப்பற்றினார். 1741-இல் மராட்டியர் அவரைச் சிறைப்பிடித்து நகரைக் கொண்டனர். 1743-இல் நிசாம் வந்தார். ஏழே ஆண்டுகளில் மலையுச்சியின் கொடி மூன்று முறை மாறிற்று.

அதன்பின் நேர்ந்ததே பெரும்போர். ஆர்க்காட்டு நவாபு பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்டனர். முன்னவருக்கு ஆங்கிலேயரும் பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை. 1751-இல் முகமது அலி சிராப்பள்ளிக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டார். முற்றுகையைத் தளர்த்தவே இராபர்ட் கிளைவு ஆர்க்காட்டைத் தாக்கினார். தென்னிந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சிக்கு அடித்தளமிட்டதாகப் பள்ளி வரலாற்று நூல்கள் கூறும் அப்படையெடுப்பு, இக்கோட்டையைக் காக்க எழுந்ததே ஆகும். 1752 சூனில் திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கிய பிரெஞ்சுப் படை சரணடைந்தது; சந்தா சாகிபு கொல்லப்பட்டார். கோயில் மதில்களுக்குள் படை தங்கிய அந்நாள்களில், மலையுச்சியிலிருந்து நோக்கியவர் கண்டது வளமோ வழிபாடோ அன்று; பகைவரின் கூடாரங்களே.

போர் அத்துடன் முடிந்திலது. உதவிக்கு விலையாகச் சிராப்பள்ளியை முகமது அலி தமக்குத் தருவதாக வாக்களித்தார் என்று மைசூர் நஞ்சராசர் உரிமை கோரினார். பிரெஞ்சுக்காரரோடு அவர் சேர, 1753-இலும் 1754-இலும் மீண்டும் முற்றுகை. 1753 நவம்பர்த் திங்கள் ஓரிரவில் பிரெஞ்சு வீரர் ஏணி வைத்து மதிலேறினர். வெளிமதிலில் கைப்பற்றிய பீரங்கிகளை அவர்களே வெடித்தமையால் கோட்டைக் காவலர் விழித்தனர், தாக்குதல் முறிந்தது. நகருக்கு உணவு வண்டிகளைக் கொண்டு சேர்ப்பதில் பெயர் பெற்றவர் யூசுப் கான். மருதநாயகம் என்று பின்னாளில் தமிழர் பாராட்டிய அவ்வீரரை, 1764-இல் அதே ஆங்கிலேயரும் நவாபும் மதுரையில் தூக்கிலிட்டனர்.

இப்போர்களில் சுற்றுப்புற ஊர்கள் பட்ட பாட்டை மலையுச்சி கண்டிருக்கும். இரு படைகளும் உண்டது அவ்வூர்களின் நெல்லையே. மகேந்திரனின் இறைவன் காண விரும்பிய சோழ நாட்டு வளம், தளபதியரின் கணக்கில் படையின் உணவாகச் சுருங்கியது.

மதிலில் ஒட்டிய அறிக்கை

1801-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாளிட்டு மருது சகோதரர்கள் வெளியிட்ட அறிக்கை சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லாக் குலத்தாரும் ஒன்றுபட்டு ஐரோப்பியரை நாட்டினின்றும் வெளியேற்ற வேண்டும் என்பது அதன் கருத்து. அதுவரை இக்குன்றைச் சுற்றி எழுந்த எழுத்துகளுள் மன்னன் புகழும் உண்டு. இறைவன் புகழும் உண்டு. தெருவில் நடப்போரை நோக்கி, இந்நாடு உங்களுடையது என்று அழைத்த எழுத்து இதுவே. எழுதியவர் அவ்வாண்டு அக்தோபரில் தூக்கிலிடப்பட்டனர். கருநாடக அரசும் அதே ஆண்டில் ஆங்கிலக் கும்பெனியின் கைக்கு முழுமையாக வந்தது.

அறிக்கை ஒட்டிய மதிலும் நிலைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. அகழி தூர்க்கப்பட்டுச் சாலையாயிற்று. அகன்ற சாலையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் மக்கள் வாயில் திரிந்து ‘புலிவார்டு’ ஆயிற்று. மேலப்புலிவார்டு சாலை, கீழப்புலிவார்டு சாலை என்பன இன்றும் வழங்கும் பெயர்கள். அப்பெயர்களைக் கேட்டுப் புலியைத் தேடுவோர்க்கு, அங்கே இருந்தது அகழி என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். எஞ்சிய பழைய வாயிலொன்று மெயின் கார்டு கேட் என்று வழங்குகிறது. மலைக்கோட்டை என்னும் பெயரில் கோட்டை இருக்கிறது, நிலத்தில் இல்லை.

படிகளின் உரிமை

மதிலும் அரண்மனையும் போனபின் படிகள் நின்றன. மாணிக்க விநாயகர் சந்நிதியில் தொடங்கி, பாறையின் இடையே மூடிய வழியாகச் செல்லும் அப்படிகள், பல தலைமுறைகளின் காலடியால் தேய்ந்தவை. அவை துயரமும் கண்டவை. 1849-இல் பிள்ளையார் விழாவுக்குத் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு, பெருந்தொகையான மக்கள் இப்படிவழியிலேயே உயிரிழந்தனர். மன்னர் பெயர்களைக் கல்லில் படிக்கலாம். அன்று மாண்டோர் பெயரைப் படிக்கக் கல்லொன்றும் இல்லை. மலையேறுவோர் அவர்களையும் ஒருகணம் நினைப்பது தகும்.

இன்று உச்சியில் நிற்போர் காண்பது மகேந்திரன் கண்ட நாடன்று. திருவரங்கத்தின் தெற்கு இராசகோபுரம் 236 அடி உயரத்தில் 1987-இல் நிறைவெய்தியது. அடிவாரத்துக்கு அருகே உலூர்து அன்னை கோயிலின் கூர்ங்கோபுரம் எழுந்து நிற்கிறது. நத்தர்வலி தர்காவும் இந்நகரிலேயே உள்ளது. பொன்மலையில் 1928 முதல் இரயில்வே பணிமனை இயங்குகிறது. மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அங்கு மேலணை 1836-இல் கட்டப்பட்டது. கிழக்கே உள்ளது கல்லணை. ஆற்றின் நீர்வரத்து இப்பொழுது மேட்டூர் அணையைப் பொறுத்தது. ஆடியில் நுங்கும் நுரையுமாக ஓடும் காவிரி, கோடையில் வெண்மணற் பரப்பாகக் காட்சி தரும். உமையம்மை அஞ்சிய அழகியைக் காண ஏறியவர், மணலை மட்டும் கண்டு இறங்கும் திங்களும் உண்டு.

இத்தனை மாற்றத்திலும் மாறாதது ஒன்று. இப்படிகளில் ஏறுவதற்கு இன்று யாரும் வெற்றி பெற்றவராக இருக்க வேண்டுவதில்லை. பேறுகாலத்து மகளுக்காக வாழைத்தார் சுமந்து ஏறும் தாயும், தேர்வுக்கு முன் பிள்ளையாரை வேண்டிவரும் மாணவனும், காட்சிக்காகவே வந்த அயலூரானும் ஒரே கைப்பிடிச் சுவரருகே நின்று ஆற்றைப் பார்க்கின்றனர். மலாயாவின் தோட்டங்களுக்கும் இருப்புப்பாதைப் பணிகளுக்கும் தொழிலாளரை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. ஆகவே, இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பாட்டனாரும் பாட்டியாரும் ஊரை விட்டு வருமுன் கண்ட மலையாக இது இருத்தல் கூடும். மன்னர் புகழில் அவர்களுக்குப் பங்கில்லை. படிகளின் தேய்வில் பங்கு உண்டு.

வகுப்பறையில் சிராமலையைப் பற்றிப் பேசும் ஆசிரியர், மகேந்திரனின் குகையையும் கிளைவின் போரையும் சொல்வது இயல்பு. அவற்றோடு செவ்வந்தித் தோட்டத்தையும், அக்கரையில் தவித்து நின்ற தாயையும், கோட்டை வாயிலில் ஒட்டிய அறிக்கையையும் சேர்த்துச் சொன்னால்தான் அம்மலையின் வரலாறு முழுமை பெறும். உச்சியிலிருந்து நாட்டைப் பார்த்தவர்கள் எழுதியது வரலாற்றின் ஒரு பாதி. கீழே ஆற்றங்கரையில் நின்று மலையைப் பார்த்தவர்கள் சொன்னது மறு பாதி. கல்வெட்டைப் படிக்கக் கற்பிக்கும் ஆசிரியர் அக்கதையைக் கேட்கவும் கற்பிப்பாராக.